மயில் மார்க் பச்சை

ராக்காயி அத்தை ஸ்டூல் மேல் ஏறி முருகன் படத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். வள்ளி, தெய்வானை, மயில் என்று முழுக் குடும்பமும் இருக்கிற பெரிய படம், கனமான மரச்சட்டம் போட்டது. ஆணியை விட்டு வருவேனா என்று அடம்பிடித்தது. "புடிடி நவமணி, என் மேலயே சாயுது பாரு," என்று அத்தை கத்த, நவமணி ஓடிப்போய் அடிச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இழவு விழுந்த வீட்டில் சாமி படம் சுவரில் இருக்கக் கூடாது. அம்மாவின் உடல் பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்குவதற்குள் எல்லாப் படங்களையும் இறக்கி, துணி சுற்றி, பின்னறையில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். சரஸ்வதியும் லட்சுமியும் மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது முருகன்தான்.

படம் கைக்கு வந்தது. அத்தை ஸ்டூல் மேலேயே நின்றபடி சுவரைப் பார்த்தாள்.

"என்னாடி இது?"

மற்ற படங்கள் இருந்த இடத்தில் வெயில் படாத பச்சை சின்னச் சின்னச் சதுரமாகத் தெரிந்தது. அது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். இங்கே அப்படி இல்லை. ஒரு முறம் அகலத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பச்சைகள் கிடந்தன. ஒன்று நீலம் ஓடிய பச்சை, ஒன்று மஞ்சள் கலந்த பச்சை, ஒன்று பண்டான் இலையின் பச்சை. எதுவும் எதோடும் சேரவில்லை, சுற்றியிருந்த சுவரோடும் சேரவில்லை. நட்டநடுவில் சிமெண்டு பூசிய இடம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது.

வாசலில் கெமா பந்தல் போட வந்தவர்களிடம் எந்தப் பக்கம் எத்தனை நாற்காலி என்று சொல்லிக்கொண்டிருந்த பிச்சைமுத்து, அத்தையின் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி இல்லாத முகம். லகாட் தாமான் மாரியம்மன் கோயில் தலைவர் அவர். பெண்டாட்டி செத்த அன்றும் சட்டையின் மடிப்புக் கலையவில்லை.

"அத யாரு எறக்கச் சொன்னா?"

"யாருண்ணே சொல்லணும்? எழவு வீட்டுல சாமிய மாட்டி வைப்பாங்களா? கோயில் தலைவரு நீ, ஒனக்குத் தெரியாததா?"

போன தைப்பூசத்துக்கு முன்னால் பக்கத்து வரிசையில் ஒருவர் இறந்தபோது, நடுவீட்டில் நின்று ஒவ்வொரு படமாகக் கைகாட்டி இறக்க வைத்தவர் அவர்தான். சாமிக்குத் தீட்டு என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னவரும் அவர்தான். தன் வீட்டில் அதற்கு விலக்குக் கேட்க வாய் வருமா?

"துணி கட்டி மறைச்சிடலாமா?" என்றாள் அத்தை.

"சினிமாவுக்குத் தெர கட்டுன மாதிரியா? வர்றவன் எல்லாம் அதத்தான் பாப்பான்."

"காலண்டரு ஏதாச்சும்…" என்று ஆரம்பித்த அத்தை தானே தலையை ஆட்டிக்கொண்டாள். "ம்ஹும். கருமாதி முடியிற வரைக்கும் செவுத்துல ஒண்ணும் தொங்கக் கூடாது."

பிச்சைமுத்து மகள் பக்கம் திரும்பினார். விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னதிலிருந்து அவர் நவமணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதுதான் வாயைத் திறந்தார்.

"ஈப்போவுக்குப் போயி இந்தப் பச்சைய வாங்கிட்டு வா. பெட்டி வர்றதுக்குள்ள அடிச்சிடு. சுங்கை சிப்புட்லேருந்தெல்லாம் கோயில்காரங்க வாராங்க."

அவள் பழத்தோல் சீவும் கத்தியை எடுத்து வந்து, ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு சில்லு பெயர்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அப்பாவுக்காக அல்ல. அம்மா கேட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் முத்தம்மா கடைசியாகத் தெளிவாகப் பேசியது இந்தச் சுவரைப் பற்றித்தான். நவமணி வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு இடது காது கேட்காது.

"நான் போயிட்டா படத்த எறக்குவாங்க புள்ள. ராக்காயி மொத ஆளா வந்து நிப்பா. அதுக்குள்ள அந்த எடத்த சரி பண்ணிடு."

"உசுருக்குப் போராடுற நேரத்துல செவுத்தப் பத்தி என்னாம்மா பேச்சு?"

"எனக்கு என்னா. நான் படுத்துக் கெடப்பேன். நாலு பேரு முன்னாடி அவருக்குத்தான் அசிங்கம்."

நவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. நோயில் காய்ந்துபோன அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, "சரிம்மா" என்று சொன்ன பிறகுதான் விட்டது.

அந்தப் பச்சை அப்பா தேர்ந்தெடுத்தது. அவர்கள் வேலை செய்த தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றபோது, லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் மூலைக்கொருவராகப் போனார்கள். கங்காணியாக இருந்த பிச்சைமுத்து லகாட்டில் இந்த மலிவு விலை வீட்டுக்கு வந்தார். வரும்போது தொரை பங்களாவின் ஜன்னல் கதவில் சாயத்தைச் சுரண்டி ஒரு காகிதத்தில் மடித்து எடுத்து வந்தார். தொரை ஊருக்குப் போய்விட்டார், பங்களா பூட்டிக் கிடந்தது, கேட்க ஆளில்லை. அதைக் கடையில் காட்டி, மயில் மார்க் டின்னில் அதே பச்சை இருப்பதைக் கண்டுபிடித்து, முன்கூடம் முழுக்கத் தன் கையாலேயே அடித்தார். அந்தத் தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாம் "பங்களா மாதிரி இருக்கு கங்காணி" என்றார்கள். அப்படி ஒரு பூரிப்பு அவர் முகத்தில். வாழ்நாளெல்லாம் அந்தப் பங்களா வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற மனிதர்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்திருந்தார்கள். தொரை எந்த வருஷம் கப்பல் ஏறினார் என்று அப்பா கதை சொல்லிக்கொண்டிருந்தார். டீ கொண்டு வந்து வைத்த அம்மா, "அது அதுக்கு முந்தின வருசங்க, நவமணி பெரிய மனுசியான வருசம்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "தலைவரையே திருத்துறாங்கப்பா வீட்டம்மா," என்றார் ஒருவர். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவர்கள் போனார்கள். நவமணி அடுப்பங்கரையில் டீக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் தலை உயரத்தில் நனைந்திருந்தது, இரண்டு மூன்று நரைமுடி அதில் ஒட்டியிருந்தது. அப்பா கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"தல சுத்தி விழுந்துட்டேன்," என்றாள் அம்மா. யாரும் கேட்கவில்லை.

கிளினிக்குக்குப் போவதற்குள் அது பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக மாறிவிட்டது. அதன்பின் அந்தக் காது கேட்கவில்லை.

அம்மா சுவரைத் தேய்த்துக் கழுவினாள். கழுவியதில் சாயம் போனது, காரை உதிர்ந்தது. சிமெண்டு பூசினாள். அதே பச்சையைத் தேடிப் போனால், மயில் மார்க் இப்போது வருவதில்லை என்றார்கள். கப்பல் மார்க் வாங்கி அடித்தாள், சேரவில்லை. யானை மார்க் வாங்கினாள், அதுவும் சேரவில்லை. பூஜை மூலையில் இருந்த முருகனைக் கொண்டுவந்து அங்கே மாட்டினாள். தீபாவளிக்குத் தீபாவளி, அப்பா கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, படத்தை இறக்கி வைத்து இன்னொரு பச்சையை அடித்துப் பார்ப்பாள். சுவர் முழுக்க ஒரே தடவையாக வேறு சாயம் அடித்துவிடலாம் என்று நவமணி ஒருமுறை சொன்னபோது, "நல்லா இருக்கிற செவுத்துக்கு எதுக்குச் சாயம்?" என்றார் பிச்சைமுத்து. சொல்லிவிட்டு முருகனைப் பார்த்துக் கும்பிடவும் செய்தார். பார்க்கிறவளுக்கு எரியுமா எரியாதா?

நவமணி அப்பாவின் ஹோண்டாவை எடுத்துக்கொண்டு போனாள். ஈப்போவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த சாயக் கடையைப் பற்றி அம்மா வாயால் கேட்டிருக்கிறாளே தவிர, போனதில்லை. கடையில் ஒரு சீனத்தம்மா இருந்தாள். நரைத்த முடி, கண்ணாடி, கைவிரலெல்லாம் சாயக் கறை. இளவயதில் தோட்டத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தவளாம், தமிழ் பேசினாள். நவமணி கைக்குட்டையை அவிழ்த்துச் சில்லைக் காட்டினாள். அந்தம்மா அதைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

"இது அந்த அக்கா பச்சை லா."

"எந்த அக்கா?"

"காது கேக்காது. நான் இந்தப் பக்கம் வந்து பேசணும்." அந்தம்மா தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "வருசா வருசம் வரும். இதே மாதிரி துணில கட்டிக் கொண்டு வரும். நீ மகளா?"

"ஆமா."

"மூஞ்சி சாமா, அதே மூஞ்சி." அந்தம்மா சிரித்தாள். "அக்கா எங்க? வரலியா?"

"வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்காங்க," என்றாள் நவமணி. பொய்யில்லை. இந்நேரம் பத்து காஜாவில் வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

சீனத்தம்மா குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்து வைத்தாள். "அக்காவுக்கு எடுத்து வச்சேன். ஒரே மார்க்குல இந்தப் பச்சை கெடைக்காது. கப்பல்ல பாதி, யானைல கொஞ்சம், வெள்ள கொஞ்சம், கறுப்பு ரெண்டு சொட்டு. நெறைய வாட்டி கலக்கிக் கலக்கிப் பாத்து, இப்பத்தான் வந்துச்சு. அடுத்த தீபாவளிக்கு வந்தா குடுக்கலாம்னு இருந்தேன்."

யார் பெற்ற பிள்ளையோ, அம்மாவுக்காக உட்கார்ந்து கலக்கியிருக்கிறாள்.

"கப்பல் மார்க்க மட்டும் அடிச்சா ஆவாதா?" என்று கேட்டாள், எதையாவது பேச வேண்டுமே என்று.

"ஆவாது. இங்க பாரு." அந்தம்மா ஓர் அட்டையைக் கிழித்து, மைலோ டின்னிலிருந்து ஒரு விரல் எடுத்து அதில் தடவினாள். பக்கத்தில் கப்பல் மார்க் டின் ஒன்றைத் திறந்து இன்னொரு விரல் தடவினாள். நடுவில் சுவர்ச் சில்லை வைத்தாள். மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. "ஈரத்துல ரெண்டும் சாமா. ஒரே மாதிரி. இப்ப பாரு." அட்டையை மேசை விசிறிக்கு முன்னால் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஆனது. மைலோ டின் பச்சை காய்ந்து சில்லோடு சேர்ந்துவிட்டது, எது சுவர் எது சாயம் என்று சொல்ல முடியவில்லை. கப்பல் பச்சை கறுத்துக்கொண்டே போய், பாசி பிடித்த தொட்டியின் நிறத்துக்கு வந்து நின்றது.

"அக்கா மொத வாட்டி இததான் வாங்குச்சு. ஈரத்துல பாத்துட்டு சந்தோசமாப் போச்சு. மறுநாளு வந்து இங்க நின்னு அழுதுச்சு."

அம்மா அழுது நவமணி பார்த்ததில்லை. ரத்தம் வழிந்த அன்றும் அழவில்லை, துடைக்கப் பழந்துணிதான் கேட்டாள். இங்கே வந்து, சாயம் சேரவில்லை என்று, யாரோ ஒருத்தி முன்னால் அழுதிருக்கிறாள்.

"அதையும் ஒரு டின்னு குடுங்க," என்றாள் நவமணி.

"கப்பலா? அதான் சரியில்லன்னு சொல்றேன் லா."

"பரவால்ல. குடுங்க."

எதற்குக் கேட்டாள் என்று அப்போது அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் கெமா நின்றிருந்தது, நாற்காலிகள் வந்திருந்தன. கூடத்தில் தட்டுமுட்டுச் சாமான்களை ஒதுக்கி, பெட்டி வைக்க இடம் விட்டிருந்தார்கள். நவமணி சுவரில் பொருக்குத் தட்டியிருந்த பழைய சாயங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினாள். பச்சைத் தூள் கையெல்லாம் ஒட்டியது. மைலோ டின்னைத் திறந்து குச்சியால் கலக்கி, பிரஷ்ஷைத் தோய்த்தாள். அம்மா இத்தனை வருஷம் தேடிய பச்சை ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. நாலு இழுப்பு இழுத்தால் போதும், வாக்கைக் காப்பாற்றியாகிவிடும்.

பின்னால் பிச்சைமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாம்பிராணிச் சட்டியோடு வந்த ராக்காயி அத்தை, மனதில் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டாள்.

"ஏண்ணே, இந்தச் செவுரு எப்புடி இப்புடி ஆச்சு?"

"எல்லாம் அவதான்." அப்பா யோசிக்கவே இல்லை. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தால்ல, அதுக்கப்புறம் கிறுகிறுன்னு வருதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. ஒரு நாளு நடந்து வந்தவ இங்க முட்டிக்கிட்டா. பாத்து நட, பாத்து நடன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்? யாரு பேச்சக் கேட்டா? கேக்குறதுக்குக் காது இருந்தாத்தானே." மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது அவருக்கு. "சாவுற வரைக்கும் அவளோட மாரடிச்சாச்சு."

நவமணியின் கை நின்றது. பார்த்தவள் முன்னால் நின்று இதைச் சொல்கிறார். தைரியத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது என்று அவரே நம்பிப் பல காலம் ஆகியிருந்தது. அம்மா அடித்த பச்சையெல்லாம் சுவரில் ஒட்டாமல் அவர் மனதில் போய் நன்றாக ஒட்டியிருக்கிறது.

அவள் பிரஷ்ஷைப் பழந்துணியில் அழுத்தித் துடைத்தாள். மைலோ டின்னை மூடி ஸ்டூலுக்கு அடியில் தள்ளினாள். கப்பல் மார்க் டின்னைத் திறந்தாள்.

"அது என்னா வேற டின்னு?"

"அது காணாதுப்பா. ரெண்டும் ஒரே பச்சைதான்."

அம்மா, நீ கேட்டத நான் செய்யல, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கை நிற்கவில்லை. மேலிருந்து கீழாக, ஓரங்களை இழுத்து மெழுகி, இரண்டு தடவை அடித்தாள். ஈரம் மினுமினுக்கச் சுவர் ஒரே நிறமாக நின்றது.

பிச்சைமுத்து எட்டப்போய் வாசலிலிருந்து பார்த்தார். பக்கத்தில் வந்து பார்த்தார். "ம். இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்," என்றார்.

பெட்டி வந்தது. முத்தம்மாவைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். மஞ்சள் பூசிய முகம், நெற்றியில் ஒரு வெள்ளிக்காசு. மாமா மச்சான் முறையுள்ளவர்கள் பறைக்குச் சொல்லியிருந்தார்கள், அது வாசலில் அதிர்ந்துகொண்டிருந்தது. ராக்காயி அத்தை பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள், நிஜமாகத்தான் அழுதாள். பிச்சைமுத்துவுக்குப் பச்சைச் சுவரோரம் கைவைத்த நாற்காலி போட்டிருந்தது. வருகிறவர்கள் முதலில் பெட்டிக்கு மாலை போட்டார்கள், பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கமிட்டிச் செயலாளர் சின்னையா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் விவரம் சொன்னார். "ஒரு குறை வச்சதில்ல தலைவரு. காது கேக்காத பொம்பளைய வச்சிக்கிட்டு இத்தன வருசம்… தாங்கு தாங்குன்னு தாங்குனாரு."

நவமணி அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் புள்ள ஏன் இப்புடி வெறிச்சிக்கிட்டு இருக்கு, அழுதுடு தாயி, அடக்கி வைக்காத," என்று பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள். மேலே விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அப்பாவின் தலைக்கு மேலே ஈர மினுமினுப்பு ஓரத்திலிருந்து வற்றிக்கொண்டு வந்தது. வற்றிய இடம் கறுத்தது. முதலில் ஒரு கோடு. பிறகு விளிம்பு. பிறகு மொத்தமும், மெதுவாக, தட்டில் கறை ஏறுவது மாதிரி ஏறியது.

சின்னையாதான் முதலில் பார்த்தார். "என்னா தலைவரே, செவுத்துல ஓதம் ஏறுதா?"

பிச்சைமுத்து திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கூட்டத்துக்கு நடுவில் மகளைத் தேடினார். நவமணி கண்ணை எடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்பாவை அவள் அப்படி நேராகப் பார்த்ததில்லை. யார் செய்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

இப்போது எழுந்து கத்துவார் என்று நினைத்தாள். கத்தட்டும் என்றுகூட நினைத்தாள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. நாற்காலியைப் பின்னால் நகர்த்திச் சுவரோடு ஒட்டினார். சாய்ந்து உட்கார்ந்து, தலையை அந்தக் கறுத்த இடத்தில் வைத்துக்கொண்டார். தோளும் தலையும் சேர்ந்து பெரும்பகுதியை மறைத்துவிட்டன. மிச்சத்துக்குத் தோளில் கிடந்த துண்டை விரித்துத் தலைக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டார். அம்மாவின் தலை பட்ட அதே உயரம்.

அதற்குப் பிறகு அவர் அசையவில்லை. சுங்கை சிப்புட் கோயில்காரர்கள் பெரிய மாலையோடு வந்தார்கள், எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவர் எழவில்லை. ஐயர் கூப்பிட்டார், எழவில்லை. யாரோ குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார்கள். தலையைச் சுவரிலிருந்து எடுக்காமலே குடித்தார், பாதி சட்டையில் வழிந்தது.

"பாவம், மனுசன் ஒடிஞ்சு போயிட்டாரு."

"எந்திரிக்கத் தெம்பில்ல பாரேன்."

"இந்தக் காலத்துல எவன் பொண்டாட்டிக்கு இப்புடி உருகுறான்?"

ஊர் முன்னால் அவரை நிறுத்தத்தான் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தாள். கடைசியில் அவள் அடித்த சாயமே அவரை உத்தமப் புருஷனாக்கி உட்கார வைத்துவிட்டது.

வாய்க்கரிசி நேரம் வந்தது. "மொதல்ல வீட்டுக்காரரு வாங்க," என்று ஐயர் மறுபடி கூப்பிட்டார். பிச்சைமுத்து தலையை ஆட்டினார். "முடியல," என்றார். சின்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புடிச் சொல்லக் கூடாது தலைவரே, ஒங்க கையால அரிசி விழாம அந்த மகராசி கட்ட வேகுமா?" என்று சொல்லி, இன்னொருவரையும் கைகாட்டி அழைத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு அக்குளில் கைகொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் நாற்காலிக் கையைப் பிடித்துப் பார்த்தார், பிடி நழுவியது. துண்டு கீழே விழுந்தது.

சுவர் தெரிந்தது. முழுவதும் காய்ந்திருந்தது. வெளுத்த பச்சைக்கு நடுவில், ஒரு முறம் அகலத்துக்குக் கறுத்துப்போய், எட்டத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி இருந்தது. நடுவில் சிமெண்டுப் புடைப்பு. பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. பெட்டியைச் சுற்றி அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். நவமணி தலைமாட்டிலிருந்து எழுந்து நின்றாள். யாராவது ஒருத்தர் கேட்கட்டும். ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

பக்கத்தில் நின்றவள் இருளாயி அக்கா, ஒட்டுச்சுவர் வீட்டுக்காரி. அவள் சுவரைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"இங்கதானா?" என்றாள், மெல்ல. "நாங்க அடுப்பங்கரையிலன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தோம்."

அவளுக்கு அந்தப் பக்கம் நின்ற நல்லம்மாள், "நானும் அங்கன்னுதான் நெனச்சேன்," என்றாள்.

நவமணி இருளாயியின் முகத்தைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"ஒட்டுச் செவுரு தானே புள்ள, சத்தம் கேக்காதா? இந்த வரிசையில யாருக்குத் தெரியாது?" இருளாயி அரிசியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "முத்தம்மாக்காகிட்டதான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிறதில்ல. தெரிஞ்சா அது மனசு கஷ்டப்படும்லா."

பிச்சைமுத்து குனிந்து அரிசியைப் போட்டார். அவரைத் திரும்ப அழைத்துப்போய், காற்று வரட்டும் என்று வாசலோரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு பெண்கள் வரிசையாக நகர்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் குனிந்து முத்தம்மாவின் வாயில் அரிசியைப் போட்டாள், நிமிர்ந்து சுவரை ஒரு பார்வை பார்த்தாள், தள்ளிப்போய் அடுத்தவளுக்கு இடம் விட்டாள். வெளியே பறை மறுபடி தொடங்கியது. பெஞ்சின் பக்கத்தில் நின்றுகொண்டு, சின்னையா தன் துண்டை உதறிப் பிச்சைமுத்துவுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.